வெறும் காற்றில் பிறக்கும் துகள்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் தூசியைப் பற்றி எழுதும்போது, 'வெறும் காற்றிலேயே தினமும் புதுத் துகள்கள் பிறக்கின்றன' என்று ஓரமாக ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள் மேசை முழுக்கக் கிடக்கின்றன. எனக்கு அதில் சந்தோஷம்தான். மலைமேல் இருந்த ஒரு காற்று ஆய்வு நிலையத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் துகள் எண்ணும் கருவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவளும்கூட. ஆகவே இந்த இதழ் முழுவதும் இதற்கே.

கேள்வி (பள்ளி ஆசிரியை ஒருவர்): தூசி மண்ணிலிருந்து கிளம்புகிறது, புகை எரிவதிலிருந்து வருகிறது. ஒன்றுமே இல்லாத காற்றில் துகள் எப்படி 'பிறக்கும்'? மாணவர்களுக்கு எப்படிச் சொல்வது?

காற்று ஒன்றுமே இல்லாதது அல்ல என்பதிலிருந்து ஆரம்பியுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஆவிகள் அதில் கலந்திருக்கின்றன. நிலக்கரியும் எண்ணெயும் எரியும் இடங்களிலிருந்தும் எரிமலைகளிலிருந்தும் கந்தக டை ஆக்சைடு வருகிறது. கடலின் நுண்பாசிகள் விடும் ஒரு கந்தக வாயுவும் காற்றில் மாறி அதுவாகிறது. வெயில் ஏறியதும் புற ஊதாக் கதிர்கள் ஓசோனை உடைக்கின்றன. அதிலிருந்து தெறிக்கும் ஆக்சிஜன் அணு நீராவியோடு மோதி 'ஹைட்ராக்சில்' என்ற பொருளாகிறது. அதன் ஆயுள் ஏறக்குறைய ஒரு வினாடி. அந்த ஒரு வினாடிக்குள் எதிர்ப்பட்டதையெல்லாம் பிடித்து ஆக்சிஜனேற்றம் செய்துவிடும். கந்தக டை ஆக்சைடு அதனிடம் சிக்கினால், இரண்டு மூன்று படிகளில் கந்தக அமிலம்.

இந்த அமிலம் எவ்வளவு கொஞ்சம் என்று மாணவர்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் மொத்தம் இரண்டரை லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் இருக்கின்றன. நல்ல வெயில் நாளில்கூட அவற்றில் கந்தக அமில மூலக்கூறுகள் பத்து லட்சத்திலிருந்து ஒரு கோடி வரைதான். லட்சம் கோடியில் ஒன்றுகூடத் தேறாது. ஆனாலும் அவை ஒன்றையொன்று தேடிப் பிடித்தது போல ஒட்டிக்கொள்கின்றன. இரண்டு, மூன்று, நான்கு என்று சேர்வதைக் 'கொத்து' என்கிறோம்.

கொத்து உருவாவது சுலபம், நிலைப்பதுதான் கஷ்டம். பெரிய துளியின் மேற்பரப்பில் இருக்கும் மூலக்கூறைச் சுற்றி, அதை இழுத்துப் பிடித்துக்கொள்ள நிறைய அண்டை மூலக்கூறுகள் உண்டு. நாலைந்து பேர் மட்டுமே உள்ள கொத்தில் பிடித்துக்கொள்ள ஆளில்லை. சேர்ந்த வேகத்திலேயே கழன்று போய்விடும். ஏறக்குறைய ஒன்றரை நானோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்) குறுக்களவு, அதாவது சுமார் இருபது கந்தக அமில மூலக்கூறுகள் சேர்ந்த அளவு. அந்த வரம்பைத் தாண்டிவிட்டால் கழல்வதைவிட ஒட்டுவது அதிகமாகிறது. அப்போதுதான் 'துகள் பிறந்தது' என்று சொல்வோம்.

வரம்பைத் தாண்ட உதவுபவை காரப் பொருள்கள். அமிலமும் காரமும் இறுகப் பிடித்துக்கொள்ளும் என்பது மாணவர்களுக்கே தெரியும். கால்நடைக் கழிவிலிருந்தும் உரத்திலிருந்தும் வரும் அமோனியா அப்படிப்பட்ட ஒன்று. அதைவிடக் கெட்டியாகப் பிடிப்பவை அமீன்கள். கெட்டுப்போன மீனில் அடிக்கும் வாடை பெரும்பாலும் இவற்றுடையதுதான். ஜெனீவாவை ஒட்டிய செர்ன் அணுத்துகள் ஆய்வகத்தில் 'கிளவுட்' என்று ஒரு சோதனைக்கூடம் இருக்கிறது. 26 கன மீட்டர் கொள்ளளவுள்ள எஃகு உருளை. உள்ளே மிகத் தூய காற்றை நிரப்பி, வேண்டிய ஆவியை மட்டும் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்ப்பார்கள். அங்கே 2011-இல் வெளியான முடிவு, கந்தக அமிலமும் அமோனியாவும் மட்டும் சேர்ந்தால் தரையோரக் காற்றில் நாம் பார்க்கும் பிறப்புகளுக்குப் போதாது என்றது. 2013-இல் டைமெத்தில் அமீனைச் சேர்த்துப் பார்த்தார்கள். லட்சம் கோடியில் நாலைந்து பங்கு கலந்ததற்கே பிறப்பு வேகம், அமோனியா மட்டும் இருந்ததைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் எகிறியது. அதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

கேள்வி (ஓய்வுபெற்ற பொறியாளர்): இவ்வளவு சின்னதை எப்படிப் பார்த்தீர்கள்? ஒளியின் அலைநீளமே நூற்றுக்கணக்கான நானோமீட்டர் ஆயிற்றே!

சரியான கேள்வி. நேரே பார்க்க முடியாது, ஊதிப் பெரிதாக்கித்தான் பார்க்க முடியும்.

1875-இல் பிரான்சில் பால்-ழான் கூலியே என்ற மருந்தியலாளர் ஒரு குடுவைக்குள் ஈரக் காற்றை விரிவடையச் செய்தார். மூடுபனி உண்டாயிற்று. பஞ்சில் வடிகட்டிய காற்றை விட்டுப் பார்த்தார். உண்டாகவில்லை. நீர் ஒட்ட ஒரு கரு வேண்டும் என்று அதிலிருந்து தெரிந்தது. அவருடைய வேலையைப் பற்றித் தெரியாமலே ஸ்காட்லாந்தின் ஜான் எய்ட்கன் இதே முடிவுக்கு வந்தார். துகள் எண்ணும் கருவியையும் செய்தார். ஒவ்வொரு கருவின் மேலும் நீர் படிந்து துளியாகும். கட்டம் போட்ட கண்ணாடித் தட்டில் அந்தத் துளிகள் விழ, உருப்பெருக்கியால் ஒவ்வொன்றாக எண்ணினார். வெயில் பட்டதும் கருக்கள் கூடுவதையும் அவரே கவனித்திருக்கிறார்.

நாங்கள் செய்ததும் அதேதான். நீருக்குப் பதில் பியூட்டனால் என்ற ஒரு வகை ஆல்கஹால். கருவிக்குள் பியூட்டனால் ஆவி நிறைந்த சூடான குழாய், அடுத்து குளிர்ந்த குழாய். உள்ளே வரும் துகளின் மேல் ஆவி படிந்து, அது லேசர் ஒளியைச் சிதறடிக்கிற அளவுக்கு ஊதிவிடும். ஒவ்வொரு சிதறலும் ஒரு எண்ணிக்கை. அறைக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறும் அந்தப் புளித்த, தித்தித்த நெடி இன்றைக்கும் எங்கேயாவது வந்தால் கை தானாக நோட்டுப் புத்தகத்தைத் தேடுகிறது. மிகச் சிறிய துகள்களுக்குப் பியூட்டனால் போதாது. டைஎத்திலீன் கிளைக்கால் என்ற வேறோர் ஆவியால் முதலில் ஒரு சுற்று ஊதவைத்துப் பிறகு இதற்குள் விடுவார்கள்.

நேரத்தைப் படுக்கையாகவும் துகளின் அளவை நெடுக்காகவும் வைத்து எண்ணிக்கைக்கு நிறம் கொடுத்தால், பிறப்பு நடந்த நாளில் ஒரு வளைந்த வடிவம் வரும். காலையில் அடியில் தொடங்கி, மதியம் தாண்டி மேலே வளைந்து போகும். உலகம் முழுக்க இந்தத் துறைக்காரர்கள் அதை வாழைப்பழம் என்றுதான் சொல்வார்கள்.

இதில் ஒரு தவறையும் சொல்ல வேண்டும். ஒரு குளிர்காலத்தில் இரண்டு வாரம் தொடர்ந்து தினமும் பிறப்பு நடப்பதாகக் குறித்து வைத்தேன். பிறகு உட்கார்ந்து படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது. எதிலுமே வாழைப்பழத்தின் அடிப்பகுதி இல்லை. துகள்கள் எடுத்த எடுப்பிலேயே 25 நானோமீட்டரில் தோன்றியிருந்தன. உண்மையில் பிறந்தது என்றால் மிகச் சின்ன அளவிலிருந்து வளர்ந்து வர வேண்டும். காற்று திசை மாறும்போதெல்லாம் எங்கள் நிலையத்தின் டீசல் ஜெனரேட்டர் புகை உறிஞ்சு குழாய்க்குள் போயிருக்கிறது. இரண்டு வாரக் கணக்கையும் அடித்துவிட்டேன். அன்றிலிருந்து எண்ணிக்கை கூடியது என்று யார் சொன்னாலும் 'எந்த அளவிலிருந்து கூடியது?' என்றுதான் முதலில் கேட்பேன்.

கேள்வி (இல்லத்தரசி): மழை பெய்து ஓய்ந்த மறுநாள் வானம் துடைத்து வைத்தது போல இருக்கிறது. அன்றைக்குத்தான் புதுத் துகள்கள் அதிகம் பிறக்கும் என்று என் மகள் சொல்கிறாள். நம்பவே முடியவில்லை.

நம்புங்கள் அம்மா, உங்கள் மகள் சொல்வது சரி. இந்த விஷயத்தின் உயிர்நாடியே அதுதான்.

காற்றில் ஏற்கெனவே மிதக்கும் பழைய துகள்களை நினைத்துக்கொள்ளுங்கள். அவற்றின் மேற்பரப்பு எல்லாம் ஆவிக்கு ஒட்டுமிடம். கந்தக அமில மூலக்கூறு ஒன்று உருவானதும் அதற்கு இரண்டு வழி. தன்னைப் போன்ற இன்னொன்றைக் கண்டு கொத்தாகலாம், அல்லது பழைய துகளில் போய் ஒட்டிக் காணாமல் போகலாம். சுத்தமான காட்டுக் காற்றில் அது சில நிமிடங்கள் அலைந்து திரியும். புகை மண்டிய நகரக் காற்றில் அரை நிமிடம்கூட நிற்காது. ஆவிக்கு மட்டுமல்ல, பிறந்த குட்டித் துகளுக்கும் இதே கதி. இரண்டு நானோமீட்டர் துகள் அங்குமிங்கும் வேகமாக அலைபாயும். பெரிய துகளில் மோதினால் அதோடு ஐக்கியம். ஆகவே பிறப்பதைவிடப் பிழைப்பதுதான் இங்கே பெரிய பாடு. மூன்று நானோமீட்டரைத் தாண்டுவதற்குள்ளேயே பெரும்பாலானவை விழுங்கப்பட்டுவிடும்.

மழை இந்த விழுங்கிகளை அகற்றிவிடுகிறது. விழும் துளி வழியில் துகள்களை இடித்துக் கீழே கொண்டுவருவது ஒரு பகுதிதான். மேகத் துளிக்கே கருவாக இருந்து, துளியோடு தரைக்கு வந்தவையே அதிகம். அப்படிப் போவது நூறு நானோமீட்டரை ஒட்டியும் அதற்கு மேலும் உள்ளவை. விழுங்குவதில் கெட்டிக்காரர்களும் அவர்களே.

எங்கள் நிலையத்தில் அப்படி ஒரு காலை. முந்தின இரவு முழுக்க மழை. விடிந்ததும் வானம் நீலம், புல்லில் ஈரம். எட்டரை மணிக்குக் கருவி ஒரு கன சென்டிமீட்டருக்கு 800 என்று காட்டியது. ஒன்பதேகாலுக்கு 1,100. தேநீர் போட்டுக்கொண்டு வந்து பார்த்தால் 4,000. பத்தரைக்கு 16,000. ஜன்னலுக்கு வெளியே அதே நீல வானம், தூரத்து மலைமுகடு கத்தி வைத்து வெட்டியது போலத் தெளிவாக. ஒரு புகை இல்லை, ஒரு வண்டி இல்லை. அதைப் பார்த்துக்கொண்டு நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

ஏன் ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் என்றால், வெயில் ஏறி ஹைட்ராக்சில் பெருகும் நேரம் அது. இரவெல்லாம் தரையோரத்தில் மூடிபோட்டது போல அடங்கிக் கிடந்த குளிர்காற்று, தரை சூடானதும் கிளர்ந்து மேல் காற்றோடு கலப்பதும் அப்போதுதான்.

கேள்வி (கல்லூரி மாணவர்): வெயிலா, குளிரா, எது துகள் பிறக்க நல்லது? இணையத்தில் இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள்.

இரண்டுமே சரி தம்பி. வெயில் என்றால் ஒளி, சூடு என்றால் வெப்பநிலை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் இந்தத் தகராறு.

ஒளி வேண்டும். ஆவியைச் சமைப்பது அதுதான். வெப்பநிலை குறைந்தால் கொத்து கழலும் வேகம் குறையும், ஆகவே குளிர் நல்லது. ஒளியும் குளிரும் சேர்ந்து கிடைக்கும் நாள்தான் உத்தமமான நாள். பின்லாந்தின் ஹூட்டியாலா காட்டு நிலையத்தில் 1996 ஜனவரியிலிருந்து இடைவிடாமல் அளந்து வருகிறார்கள். அங்கே பிறப்பு நாள்கள் அதிகம் வருவது கோடையின் உச்சத்தில் அல்ல, வசந்தத்தில். வடக்கே ஆர்க்டிக் பக்கத்திலிருந்து சுத்தமான குளிர்காற்று இறங்க வேண்டும், வானம் தெளிந்திருக்க வேண்டும். தெற்கே நகரங்களைத் தாண்டி வரும் காற்று பழைய துகள்களைச் சுமந்து வருவதால் அது பிறப்பைக் கெடுக்கிறது.

ஆனால் குளிர் எல்லா ஆவிக்கும் நல்லதல்ல. மரங்கள் விடும் ஆவி வெப்பம் கூடக் கூடத்தான் அதிகமாகும். அது ஆக்சிஜனை ஏற்றுக் கனமாவதும் குளிரில் மந்தமாகும். ஆக, சூடானால் மூலப்பொருள் அதிகம், ஆனால் ஒட்டாது. குளிர்ந்தால் ஒட்டும், ஆனால் மூலப்பொருள் குறைவு. எந்தப் பக்கம் சாயும் என்பது அந்தக் காற்றில் என்ன கலந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. வானிலையை மட்டும் வைத்தோ, காற்றின் கலவையை மட்டும் வைத்தோ பதில் சொல்ல முடியாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

கேள்வி (அதே மாணவர்): அப்படியானால் ஈரப்பதம்? நீராவி அதிகமென்றால் துகளும் அதிகம்தானே?

சோதனைக்கூடத்தில் ஆமாம், கந்தக அமிலக் கொத்துக்கு நீர் துணை செய்கிறது. வெளியிலோ பிறப்பு நாள்கள் பெரும்பாலும் உலர்ந்த நாள்கள். ஈரம் மிகுந்த நாளில் மேகம் வெயிலை மறைக்கும். பழைய துகள்கள் நீரை உறிஞ்சி ஊதி, இன்னும் பெரிய விழுங்கிகளாகும்.

கேள்வி (தோட்டக்கலை ஆர்வலர்): மரம் காற்றைச் சுத்தம் செய்யும் என்றுதான் படித்திருக்கிறோம். மரமே துகளை உண்டாக்குகிறது என்றால் மனது ஒப்பவில்லை.

மரத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் எழுதவில்லை. மரம் மூச்சுவிடுவதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பைன் காட்டுக்குள் நடந்தால் பிசின் மணம் வருமே, அதில் பைனீன் இருக்கிறது. பத்துக் கரிமம் கொண்ட மூலக்கூறு. ஓசோன் அதைத் தாக்கியதும் ஓர் அதிசயம் நடக்கிறது. மூலக்கூறு தனக்குள்ளேயே ஒரு ஹைட்ரஜனை இடம் மாற்றி, காற்றிலிருந்து ஓர் ஆக்சிஜன் மூலக்கூறை ஏற்கிறது. மறுபடியும் இடமாற்றம், மறுபடியும் ஆக்சிஜன். சில வினாடிகளுக்குள் ஆக்சிஜன் மேல் ஆக்சிஜனாக ஏறி, பறந்துகொண்டிருந்த மணம் பறக்க முடியாத கனத்துக்கு வந்துவிடுகிறது. அப்புறம் எது கிடைத்தாலும் அதில் ஒட்டிக்கொள்ளும். இது 2014-இல்தான் தெளிவாகத் தெரியவந்தது. காடுகளின் மேல் நிற்கும் நீல மூட்டத்துக்கு மரங்களின் ஆவியே காரணம் என்று தாவரவியலாளர் ஃபிரிட்ஸ் வென்ட் 1960-லேயே எழுதியிருந்தார். கந்தக அமிலமே இல்லாமல், இந்த மர ஆவிகள் மட்டும் சேர்ந்தே துகள் பிறக்க முடியும் என்று 2016-இல் கிளவுட் கூடத்தில் காட்டினார்கள். தொழிற்சாலைகள் வருவதற்கு முன்னும் வானத்தில் மேகக் கருக்கள் பிறந்துகொண்டிருந்தன என்பதை அது சொல்கிறது.

ஆனால் எல்லா மரமும் ஒரே மாதிரி இல்லை. அகன்ற இலை மரங்கள் பல ஐசோப்ரீன் என்ற ஐந்து கரிம ஆவியை விடுகின்றன. அது அதிகமானால் பைனீன் வழியாக நடக்கும் பிறப்பைத் தடுக்கிறது. அமேசான் காட்டில் தரையோரமாகப் புதுத் துகள் பிறப்பதைப் பார்ப்பதே அரிது. சூடு, ஈரம், ஐசோப்ரீன், மூன்றும் எதிர்ப்பக்கம். இவ்வளவு ஆவி விடும் காட்டின் மேல் மேகக் கருக்கள் எங்கிருந்து வருகின்றன என்பது நெடுநாள் புதிராக இருந்தது.

விடை மேலே இருந்தது. இரவில் எழும் இடிமேகங்கள் ஐசோப்ரீனைப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கிப் போகின்றன. மின்னல் அங்கே நைட்ரஜன் ஆக்சைடுகளை உண்டாக்கி வைத்திருக்கிறது. குளிர் பூஜ்யத்துக்குக் கீழே ஐம்பது டிகிரியைத் தொடும். பழைய துகள்களோ மிகக் குறைவு. விடிந்து முதல் வெளிச்சம் பட்டதும் பிறப்பு வெடிக்கிறது. 2022 டிசம்பரிலும் 2023 ஜனவரியிலும் ஆய்வு விமானத்தில் பறந்து இதை அளந்தார்கள். தரையில் பிறப்பைத் தடுத்த அதே ஐசோப்ரீன், குளிர்ந்த உயரத்தில் பிறப்புக்குத் தாயாகிறது. அந்தத் துகள்கள் காற்றோடு வெகுதூரம் போய், வளர்ந்து, மெல்ல இறங்கி வருகின்றன. மழையோடு இறங்கும் காற்றும் சிலவற்றைக் காட்டுக்கே திருப்பிக் கொண்டுவருகிறது.

மலைகளிலும் இப்படித்தான். சுவிட்சர்லாந்தின் யுங்ஃப்ராவ்யோக் நிலையம் 3,580 மீட்டர் உயரம். தரையோரக் காற்று ஓரிரு நாள்களுக்குள் மேலே வந்து சேர்ந்திருந்தால் அங்கே பிறப்பு நடக்கிறது. எவரெஸ்ட் அடிவாரத்தில் 5,000 மீட்டரைத் தாண்டிய நிலையத்தில், பகலில் பள்ளத்தாக்கு வழியே ஏறும் காற்று மர ஆவிகளைச் சுமந்து வந்து துகள்களைப் பெற்றெடுக்கிறது.

கேள்வி (மீன்வளத் துறை மாணவி): கடலோரத்தில் என்ன நடக்கும்?

அங்கே கதாநாயகன் அயோடின். அயர்லாந்தின் மேற்குக் கரையில் மேஸ் ஹெட் என்ற நிலையம் இருக்கிறது. பகலில் கடல் வற்றி, பாறையில் படர்ந்த பாசிகள் வெளியே தெரிந்ததும் துகள் எண்ணிக்கை ஒரு கன சென்டிமீட்டருக்கு லட்சத்தைத் தாண்டிவிடும். அலை ஏறிப் பாசி மூழ்கினால் அடங்கிவிடும். ஓசோன் தன்னைத் தாக்காமல் காத்துக்கொள்ளப் பாசி விடும் அயோடின்தான் காரணம். கரையில் மட்டும்தான் இது முக்கியம் என்று ஒரு காலத்தில் நினைத்தோம். 2021-இல் வந்த கிளவுட் முடிவுகளின்படி, அயோடின் அமிலங்கள் கந்தக அமிலமும் அமோனியாவும் சேர்ந்ததைவிட வேகமாகத் துகளாகின்றன. பனி உருகிவரும் துருவக் கடல்களை நினைத்தால் எனக்கு இது மிகப் பெரிய விஷயமாகப் படுகிறது.

கேள்வி (மருத்துவர் ஒருவர்): பழைய துகள்கள் விழுங்கிவிடும் என்றால், மாசடைந்த பெருநகரத்தில் புதுத் துகளே பிறக்கக் கூடாதே? ஆனால் பிறக்கிறது என்கிறார்கள். என் நோயாளிகளுக்கு அதனால் என்ன?

கணக்குப்படி பிறந்து பிழைக்கக் கூடாதுதான். பெய்ஜிங்கிலும் ஷாங்காயிலும் பிழைக்கின்றன. ஆவிகளின் செறிவும் அங்கே அவ்வளவு அதிகம். ஷாங்காயில் கந்தக அமிலமும் டைமெத்தில் அமீனும் கைகோத்துப் பிறப்பிப்பதை 2018-இல் காட்டினார்கள். பிறந்தபின் விழுங்கப்படாமல் இருக்க வேகமாக வளர வேண்டும். அதற்கும் ஒரு வழி தெரிந்தது. குளிர்காலத்தில், ஐந்து டிகிரிக்குக் கீழே, வண்டிப் புகையிலிருந்து உருவாகும் நைட்ரிக் அமிலமும் அமோனியாவும் சேர்ந்து, சில நானோமீட்டரே உள்ள குட்டிகள் மேல் படிந்து மளமளவென்று ஊதச் செய்கின்றன. மைனஸ் பதினைந்துக்குக் கீழே போனால் அவை இரண்டுமே நேரடியாகத் துகளாகிவிடும். 2020-இல் கிளவுட் குழு வெளியிட்டது இது.

உங்கள் நோயாளிகளைப் பற்றி: நாம் தினமும் பார்க்கும் பிஎம் 2.5 என்பது, 2.5 மைக்ரானும் (2,500 நானோமீட்டர்) அதற்குக் குறைவும் உள்ள துகள்களின் எடைக் கணக்கு. 2.5 மைக்ரான் துகள் ஒன்றின் எடைக்கு ஈடாக 10 நானோமீட்டர் துகள்கள் ஒன்றரைக் கோடிக்கு மேல் வேண்டும். ஆகவே எண்ணிக்கை எவ்வளவு எகிறினாலும் அந்த அளவீட்டில் அது தெரியவே தெரியாது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் இந்த மிகநுண் துகள்களுக்கு வரம்பு எதுவும் விதிக்கவில்லை. ஆனால் நாள் சராசரி ஒரு கன சென்டிமீட்டருக்கு 1,000-க்குக் கீழே இருந்தால் குறைவு, 10,000-ஐத் தாண்டினால் அதிகம் என்று வழிகாட்டியிருக்கிறது. நகரத்துத் தெருவில் இவற்றில் பெரும்பங்கு வண்டிப் புகையிலிருந்து நேரே வருவது. காற்றில் பிறப்பவை அதற்கு மேல்.

இதில் எனக்கு ஒரு கவலை உண்டு. பெரிய துகள்களை மட்டும் வடிகட்டிக் குறைத்துவிட்டு, கந்தக வாயுவையும் அமோனியாவையும் அமீனையும் அப்படியே விட்டால், விழுங்கிகள் குறைந்து குட்டிகள் பிழைக்க வழி திறக்கும். அதற்காகப் பெரிய துகளைக் குறைக்காதீர்கள் என்று யாரும் என்னைப் புரிந்துகொள்ளக் கூடாது. அதைக் குறைப்பது உயிர் காக்கும் வேலை. வாயுக்களையும் சேர்த்துக் குறையுங்கள் என்கிறேன்.

கேள்வி (வானியல் ஆர்வலர்): விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள்தான் மேகங்களை ஆட்டிவைக்கின்றன என்கிறார்களே?

காஸ்மிக் கதிர் காற்றில் அயனிகளை உண்டாக்கும். மின்னூட்டம் உள்ள கொத்து கொஞ்சம் கெட்டியாக நிற்கும். ஆவி குறைந்த, குளிர்ந்த காற்றில் இந்த உதவி பெரிது. கிளவுட் கூடத்துக்குள் செர்ன் முடுக்கியின் துகள் கற்றையைப் பாய்ச்சிப் பார்த்தே இதைச் சொல்கிறார்கள். ஆனால் சூரியனின் பதினோரு ஆண்டுச் சுழற்சியில் காஸ்மிக் கதிர் கூடிக் குறைவதால் மேகக் கருக்களின் எண்ணிக்கையில் வரும் மாற்றம் மிகச் சொற்பம். புவி சூடாவதற்கு அதைக் காரணம் காட்டுவதை நான் ஏற்கவில்லை.

கேள்வி (விவசாயி ஒருவர்): எல்லாம் சரி, இத்தனை சின்னத் துகளால் எங்களுக்கு ஆவது என்ன?

ஐயா, மேகத் துளி ஒவ்வொன்றுக்கும் ஒரு கரு வேண்டும். துகள் 50 முதல் 100 நானோமீட்டருக்கு வளர்ந்தால் கருவாக முடியும். மணிக்கு இரண்டு மூன்று நானோமீட்டர் வளர்ந்தால், இன்று காலை பிறந்தது நாளையோ மறுநாளோ அந்தத் தகுதிக்கு வரும். உலகத்துத் தாழ்மேகங்களின் கருக்களில் ஏறக்குறைய பாதி இப்படிக் காற்றிலேயே பிறந்தவை என்று 2017-இல் வந்த ஒரு கணக்கு சொல்கிறது. மற்றவை கடலுப்பு, தூசி, புகை போன்றவை. ஒரே அளவு நீர் அதிகக் கருக்களில் பங்கிடப்பட்டால் துளிகள் சிறுக்கும். மேகம் வெளுத்து, வெயிலை அதிகம் திருப்பியனுப்பும். துளி சிறுத்தால் ஒன்றோடொன்று சேர்ந்து மழையாகக் கனப்பதும் தாமதமாகும். உங்கள் வயலுக்கு மேல் நிற்கும் ஒரு மேகத்தைக் காட்டி, இது இந்தத் துகளால் பெய்யும் அல்லது பெய்யாது என்று என்னால் சொல்ல முடியாது. அப்படிச் சொல்கிறவர்களை நம்பவும் வேண்டாம்.

கேள்வி (ஆறாம் வகுப்பு மாணவன்): எனக்கு அந்த மெஷின் இல்லை. நான் எப்படிப் பார்ப்பது?

கண்ணா, கூலியே செய்ததை நீயும் செய்யலாம். கசக்கினால் நெளியும், நிறமில்லாத பிளாஸ்டிக் பாட்டிலில் இரண்டு கரண்டி வெதுவெதுப்பான நீரை விட்டுக் குலுக்கு. மூடியை இறுக்கி, பாட்டிலை நன்றாக அழுத்திச் சட்டென்று விடு. பத்துத் தடவை செய். உள்ளே ஏறக்குறைய ஒன்றும் தெரியாது. அதையும் எழுதி வைத்துக்கொள். பிறகு பெரியவர் ஒருவரை ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி அணைக்கச் சொல்லி, அந்தப் புகையில் கொஞ்சத்தைப் பாட்டிலுக்குள் விட்டு மூடு. மறுபடி அழுத்து, விடு. இப்போது வெள்ளையாக ஒரு மேகம் வரும். அழுத்தினால் மறையும், விட்டால் திரும்ப வரும். பாட்டிலுக்குப் பின்னால் கறுப்புத் துணி ஒன்றைப் பிடித்துக்கொண்டால் நன்றாகத் தெரியும். அதே பாட்டிலைத் திறக்காமல் ராத்திரி முழுக்க ஆடாமல் வைத்திருந்து, காலையில் மறுபடி அழுத்தி விட்டுப் பார். மேகம் நேற்றுப் போல வந்ததா, மெலிந்து வந்ததா என்று எனக்கு எழுது.